பால்சோறு நின்ற வாரம்

கொல்லிமலைக்கு வந்த முதல் வருஷத்தில் நான் ஒரு நாள்கூட ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததாக நினைவில்லை. அதற்கு முன் சேந்தமங்கலத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். கட்டடத்தை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு இடம் அமையும்வரை மலைமேல் என் மனைவியின் அம்மா வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. மனைவிக்கு நாமக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாரம் முழுக்க அங்கே விடுதியில் தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் மலையேறி வருவாள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் நான், என் மாமியார், எங்கள் பூனை.

மாமியாருக்கு எங்கள் கல்யாணம் பிடிக்கவில்லை. மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கிறவனைத் தன் மகள் கட்டிக்கொண்டது அவருக்கு நீண்ட நாள் ஆறவில்லை. பிறகு ஒருவாறு சமாதானமாகி, தன் வீட்டிலேயே என்னைத் தங்க வைக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் எங்களுக்குள் பேச்சு மட்டும் வரவில்லை. அவர் எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் போனில் சொல்வார். மகள் என்னைக் கூப்பிட்டுச் சொல்வாள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்பதுகூட நாமக்கல் போய்த்தான் எனக்கு வந்து சேர்ந்தது. காலையில் அவர் மிளகுக் கொடிக்கும் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் போய்விடுவார். நான் வாசலுக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடந்துகொண்டிருப்பேன். எந்தப் பஸ் எப்போது இறங்குகிறது என்பது எனக்கு மனப்பாடம். எதிலும் ஏறிப் போக வேலை இல்லை.

பூனை எங்களுடையது. நாமக்கல்லில் வாடகை வீட்டில் இருந்தபோது வந்து ஒட்டிக்கொண்டது. செம்பட்டை நிறம், பெரிய தலை, கடுவன். ஊர் சுற்றும் வம்பு வேண்டாம் என்று அப்போதே கருத்தடை அறுவை செய்துவிட்டோம். மலைக்கு வரும்போது பிளாஸ்டிக் கூடையில் துண்டு போட்டு மூடிக் கொண்டுவந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தது. வந்த அன்றைக்கே மாமியார் அதற்குச் சாமைச் சோற்றில் பால் ஊற்றிப் பிசைந்து வைத்தார். அது சட்டியை நக்கி முடித்துவிட்டு அவர் காலடியில் படுத்துக்கொண்டது. என்னோடு பேசாதவர் அதோடு நாள் முழுக்கப் பேசினார். "சாமி, கெழங்கு வேணுமா சாமி, சூடா இருக்குது பொறு" என்று அடுப்படியில் குரல் கேட்கும். பூனை குண்டாகிவிட்டது. வெயிலில் கிடப்பது, எழுந்து தின்பது, மறுபடி கிடப்பது. அதன் நிம்மதியைப் பார்க்க எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருந்தது.

மாறுதலை முதலில் கவனித்தவர் மாமியார்தான். ஆனால் அதையும் மகளிடம்தான் சொன்னார். பூனை பாத்திரம் கழுவும் தொட்டியில் வாய் வைத்து ஓயாமல் தண்ணீர் குடிக்கிறதாம். கொல்லையில் அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதாம். மனைவி எனக்குப் போன் போட்டாள். நான் அதன்பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தின்னும் அளவு குறையவில்லை, ஆனால் முதுகெலும்பு கையில் தட்டியது. நடை வேறு மாறியிருந்தது. பூனை விரல்களில் நடக்கும். இது பின்னங்காலின் குதிகால்வரை தரையில் படிய, தேய்த்துத் தேய்த்து நடந்தது.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை நோய் என்றார். மனைவி தலையாட்டினாள். தினமும் மனுஷர்களுக்கு அதே பரிசோதனையைச் செய்கிறவள். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. பூனைக்குச் சர்க்கரை நோயா என்று கேட்டேன்.

"வயசு, உடம்பு எடை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து வரும். மனுஷனுக்கு வர்ற மாதிரிதான்" என்றார் மருத்துவர். "ஆனா பூனைகிட்ட ஒரு நல்ல விஷயம் இருக்கு. ஆரம்பத்துலயே ஒழுங்கா ஊசி போட்டு, சாப்பாட்டை மாத்தினா, சிலதுக்கு ஊசியே தேவைப்படாத நிலைமை வரும். எல்லாத்துக்கும் வராது. முயற்சி பண்ணிப் பாருங்க."

சோறு, பால், கிழங்கு, களி எதுவும் கூடாது என்றார். கோழி, அதன் ஈரல், நெஞ்சு, முட்டை, மீன். காலை ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி, இரண்டுக்கும் நடுவே சரிபாதி நாள் இடைவெளி. சாப்பிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் ஊசி. சாப்பிடவில்லை என்றால் தன்னைக் கேட்காமல் போடக் கூடாது. சர்க்கரை ஏறுவது மெதுவாகக் கெடுக்கும், இறங்குவது ஒரு மணி நேரத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று அழுத்திச் சொன்னார். தள்ளாடினால், பார்வை வெறித்தால், உடனே ஈறில் தேனோ சர்க்கரைப் பாகோ தடவ வேண்டும்.

ஊசி போடுவது யார் என்ற கேள்வியே எழவில்லை. மனைவி நாமக்கல்லில். மாமியாருக்கு ஊசியைப் பார்த்தாலே ஆகாது. வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறவன் நான்.

முதல் நாள் தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி ஊசியைச் செருக எனக்கு மூன்று தடவை ஆயிற்று. கடுகளவு திருகாணிகளை வருஷக்கணக்கில் கழற்றி மாட்டிய கை. பூனை திரும்பியும் பார்க்கவில்லை, ஈரலைத் தின்றுகொண்டிருந்தது. காது நுனியில் குத்தி ரத்தத் துளி எடுப்பதுதான் சிரமம். காதை வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுத்தால் ரத்தம் வரும் என்று மனைவி சொல்லிக் கொடுத்திருந்தாள். துணியைக் கண்டாலே அது கட்டிலுக்கடியில் போய்விடும். நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கெஞ்சுவேன். மாமியார் அந்தப் பக்கம் போகும்போது என்னைத் தாண்டிப் போவார்.

காலை ஆறு, மாலை ஆறு. என் நாள் அந்த இரண்டு முளைக்குச்சிக்கு நடுவே கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. கீழே போனால் இருட்டுவதற்குள் மேலே ஏறியாக வேண்டும். முள்ளுக்குறிச்சியில் நண்பன் தங்கை கல்யாணத்துக்குப் போனவன் பந்தியில் உட்காராமலேயே திரும்பினேன். ராசிபுரத்தில் ஒரு கடை காலியாக இருப்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்க்கலாம் என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தபோதே வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் ஊசி போடும்போது பூனையிடம், "உனக்காகத்தான் இங்க கெடக்கறேன்" என்று சத்தமாகவே சொன்னேன். மாமியார் அடுப்படியில் இருந்தார். காதில் விழுந்திருக்கும்.

அவருக்கு இந்த வைத்தியத்தில் நம்பிக்கையில்லை என்பது தெரிந்ததுதான். செம்மேட்டுக் கோழிக்கடையில் நான் நெஞ்சும் ஈரலும் வாங்கிவந்து வேகவைக்கும்போது, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொல்வார். "சோறு திங்காத சீவன் உண்டுங்களா. நோவு வந்தா ரெண்டு வாய் கூடத் திங்கோணும்." மகளிடம் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார். "என்ற சோத்துலயா கண்ணு அதுக்கு நோவு வந்துது?" மனைவி இல்லை என்றும் சொல்ல முடியாமல், ஆமாம் என்றும் சொல்ல முடியாமல், "பால்சோறு மட்டும் வேண்டாம்மா" என்று முடித்திருக்கிறாள்.

சர்க்கரை இறங்கவில்லை. காதில் குத்தி எடுத்த துளியைக் கருவியில் வைத்தால் நானூறைத் தாண்டிக் காட்டும். அந்த எண்ணை மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவள் மருத்துவரிடம் பேசி, ஊசியின் அளவைக் கொஞ்சம் கூட்டச் சொல்வாள். கூட்டினேன். இறங்கவில்லை. மறுபடி கூட்டினோம். குளிர்ப்பெட்டியில் வைத்த மருந்துக் குப்பி மின்சாரம் நின்ற நாட்களில் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, மனைவி புதுக்குப்பியைப் பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வைத்துக் கொண்டுவந்தாள். அதிலும் மாற்றமில்லை. கருவி பழுதா என்று அதைக் கழற்றிப் பார்த்தேன். நான் ஊசி போடுவதே தப்போ, தோலைத் துளைத்து அந்தப் பக்கம் ரோமத்தில் பீச்சுகிறேனோ என்று தடவித் தடவிப் பார்த்தேன். சரியாகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பூனையோ இன்னும் குதிகாலில்தான் நடந்தது.

எண் மெல்ல இறங்கத் தொடங்கிய வாரத்தில்தான், நாமக்கல்லில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் காலியாவதாக மனைவி சொன்னாள். "காலைல கெளம்பி வாங்க. பாத்துட்டு மத்தியானப் பஸ்ஸுக்கே ஏறிடலாம். சாயங்கால ஊசிக்கு வீட்ல இருப்பீங்க."

அன்றைக்குக் காலை பூனை கோழியைப் பாதிதான் தின்றது. இன்னும் கொஞ்சம் தின்னும் என்று நினைத்து ஊசியைப் போட்டுவிட்டுச் சட்டை மாற்றப் போனேன். பஸ் வந்துவிட்டது. ஓடிப் போய் ஏறினேன். ஜன்னலோர இடம். நெடுநாளைக்குப் பிறகு எங்கேயோ போகிறோம் என்ற சந்தோஷம். மேல் வளைவுகளில் நாலைந்து தாண்டியிருப்போம். போன் அடித்தது. திரையில் "அத்தை" என்று வந்தது. மனைவி பதிந்து கொடுத்த எண் அது. ஒரு தடவைகூட அதிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததில்லை.

"ஏனுங்க மாப்ள, நாந்தானுங்க."

"சொல்லுங்க அத்தை."

"சாமி ஒரு மாதிரி கெடக்குதுங்க. எந்திரிச்சா சாயுது. கண்ணு எங்கியோ பாக்குது, கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்குது. புள்ளைக்குப் போன் போட்டேன், எடுக்கலீங்க."

"ஊட்டுல தேன் இருக்குதுங்களா அத்தை?"

"இருக்குதுங்க."

"வெரல்ல தொட்டு அதோட ஈறுல தடவுங்க. வாய்க்குள்ள ஊத்திராதீங்க, பொரையேறிரும். தடவிட்டே இருங்க."

"தேனுங்களா?" என்றார். "சக்கர நோவுக்காரனுக்குத் தேனுங்களா?"

"இப்ப சக்கர அடியோட எறங்கிப் போச்சுங்க. அதனாலதான் சாயுது. தேன் வேணும். சீக்கிரம் அத்தை."

அவர் என்னவோ கேட்டார். பஸ் வளைவில் திரும்பியது, பேச்சு அறுந்துவிட்டது. நான் எழுந்து முன்னால் போய் நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர், "இங்கிட்டு எறங்கி என்னங்க பண்ணுவீங்க, காட்டுக்குள்ள?" என்றார்.

"வீட்டுல ஒருத்தருக்குச் சக்கர கொறஞ்சு மயக்கமாயிருச்சு. நான் போகோணும்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. விசில் ஊதி நிறுத்தினார். இறங்கிய இடத்தில் தடுப்புச் சுவரும் குரங்குகளும்தான். போனில் சிக்னல் இல்லை. நிற்க முடியவில்லை, மேலே பார்த்து நடக்க ஆரம்பித்தேன். நடந்து போய்ச் சேரும் தூரம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் நடந்தேன். ஊசி போட்டுவிட்டுச் சட்டை மாற்றப் போனது திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது. நானூறிலேயே நின்ற சர்க்கரை ஒரே வாரத்தில் எப்படி அடியோடு இறங்கியது என்பதும் புரியவில்லை. இரண்டு பைக்குகள் நிற்காமல் போயின. பிறகு எரிவாயு உருளை ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று முக்கிக்கொண்டு ஏறிவந்தது. கையை நீட்டி ஏறிக்கொண்டேன். ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஒலிப்பானை அழுத்தி மெதுவாகத் திருப்பினார். இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது.

வீட்டுக்குள் ஓடியபோது மாமியார் அடுப்படித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பூனை. புடவை முழுக்கத் தேன். அவருடைய சுண்டுவிரலில் ரத்தம். பல் பட்டிருக்கிறது. பூனையின் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் நான் உள்ளே வந்ததும் கண் என் பக்கம் திரும்பியது.

"நிறுத்தவே இல்லீங்க. தடவிட்டே இருக்கறேன்" என்றார்.

காதில் குத்தினேன். அது எதிர்க்கவில்லை. கருவி ஐம்பதைக் காட்டியது. தேனை இன்னும் தடவி, சற்றுப் பொறுத்து மறுபடி குத்தினேன். ஏறியிருந்தது. வேகவைத்து மிச்சமிருந்த கோழியைப் பிய்த்து நீட்டினேன். முதலில் முகர்ந்தது. பிறகு தின்றது. இரண்டாவது துண்டுக்குத் தானாக எழுந்து நின்றது. மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தேன் முகத்திலும் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அது தெரியவில்லை.

"ஒரு சங்கதி சொல்லோணும் மாப்ள."

நான் அவர் எதிரே தரையிலேயே உட்கார்ந்தேன்.

"நீங்க குடுக்க வேண்டாம்னு சொன்னப்பறமும் நாங் குடுத்துட்டுத்தானுங்க இருந்தேன். காட்டுலருந்து மத்தியானம் வந்தா பால்சோறு வெப்பேன். நீங்க பஸ்ஸு நிக்கற எடத்துக்குப் போயிருப்பீங்க. அது என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்கும். வெக்காம எப்படிங்க இருக்கறது?"

"இன்னைக்கும் வெச்சீங்களா?"

"இல்லீங்க. ஒரு வாரமாச்சு, நிறுத்திட்டேன். அன்னைக்கு அது கல்லு மேல தாவப் போயிக் கீழ உளுந்துது. மறுபடி தாவுது, மறுபடி உளுகுது. இடுப்பு ஒசரங்கூட இல்லீங்க அந்தக் கல்லு. அதப் பாத்ததுலருந்து சோத்துல கை வெக்கவே மனசு வல்லீங்க. நல்லதுக்குத்தான நிறுத்துனேன்? அப்பறம் ஏன் இப்படி ஆச்சு?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மத்தியானப் பால்சோறுதான் சர்க்கரையை நானூறில் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தச் சோற்றை மீறிச் சர்க்கரையை இறக்குவதற்காக நாங்கள் மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம். இப்போது சோறு நின்றுவிட்டது, கூட்டிய மருந்து அப்படியே இருந்தது. அந்த வாரம் எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நானும் பார்த்தேன். மருந்து கடைசியில் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. பாதித் தீனிக்கு முழு ஊசி வேறு.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். தேன் அப்பிய அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கோபப்பட முடியவில்லை. விளக்கிச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சோத்த நிறுத்துனா ஊசியக் கொறைக்கோணும்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்க சொல்லலியே."

"நீங்களும் சோத்த நிறுத்துனத எங்கிட்டச் சொல்லலீங்களே அத்தை."

அவர் பூனையின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "பேசிப் பழக்கமில்லீங்களே நமக்கு" என்றார்.

மனைவி கூப்பிட்டபோது ஆபத்து கடந்துவிட்டிருந்தது. மருத்துவரிடம் பேசினோம். அன்று சாயங்கால ஊசி வேண்டாம், நாள் முழுக்கக் கண்ணை எடுக்காதீர்கள், தேன் ஏற்றிய சர்க்கரை மறுபடி இறங்கும் என்றார். மறுநாளிலிருந்து அளவைப் பாதிக்கும் கீழே குறைக்கச் சொன்னார். அன்று மத்தியானம் முழுக்க நான் பூனையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அது கண்ணை மூடினால் தட்டி எழுப்பினேன். அடிக்கடி காதில் குத்தினேன். கடைசியில் மாமியார் துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "தூங்க உடுங்க மாப்ள. அது காது என்னத்துக்கு ஆவுறது? மூச்சு சீராத்தான் வருது. நான் பாத்துக்கறேன், நீங்க ஒரு டீ குடிங்க."

அதற்குப் பிறகு மருந்து குறைந்துகொண்டே வந்தது. கோழி வேகவைப்பதை மாமியார் எடுத்துக்கொண்டார். ஊசி மட்டும் கடைசிவரை என் கையில்தான். நான் குத்தும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். மழைக்காலம் முடியும் தறுவாயில், ஒரு சொட்டு மருந்துகூடப் போடாமல் விட்டுப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். அந்த முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலுக்கும் அடுப்படிக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. எண் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. வாரங்கள் போயின. பூனை விரல்களில் நடக்க ஆரம்பித்தது. முழுசாகச் சரியாகவில்லை. வேகமாக ஓடினால் இடது பின்னங்கால் இன்னும் கொஞ்சம் விலகும்.

பஸ் நிலையத்துப் பக்கத்து இடம் கைவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு நாமக்கல்லிலேயே இன்னொரு சந்தில் இடம் பிடித்துக் கடை போட்டேன். இப்போது நானும் மனைவியும் சேர்ந்துதான் சனிக்கிழமை மலையேறுகிறோம். பூனை மாமியாரிடம். வாரத்துக்கு இரண்டு நாள் காதில் குத்தி எண் பார்ப்பது அவர் பொறுப்பு. ஊசியைக் கண்டால் திரும்பிக்கொள்கிறவர் காதில் குத்த எப்படிப் பழகினார் என்று கேட்டேன். "அது ஊசி இல்லீங்களே, முள்ளு மாதிரி" என்றார். எண்ணை மகளிடம் சொல்வதில்லை. எனக்குத்தான் கூப்பிடுவார்.

அந்த இரண்டு நாட்களிலும் எனக்குக் காலையிலிருந்து வேலை ஓடாது. பூனைக்கு ஊசி நின்றுவிட்டது, நான் மலையை விட்டு இறங்கிவிட்டேன், இனி என்ன என்று மனைவி கேட்கிறாள். நோய் திரும்பவும் வரலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னது என் காதிலேயே நின்றுவிட்டது.

போன வியாழக்கிழமை கூப்பிட வேண்டிய நேரத்தில் அழைப்பு வரவில்லை. நான் கூப்பிட்டாலும் இணைப்பு கிடைக்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் முன்னால் நிற்கிறார், அவருடைய போனின் முதுகைக் கழற்றி வைத்துவிட்டு நான் கடை வாசலில் நிற்கிறேன். ஒருவழியாக மத்தியானத்துக்கு அழைப்பு வந்தது.

"காத்தால கரண்டு இல்லீங்க, போன்ல சார்ஜு போச்சு. இப்பத்தான் கரண்டு வந்து போட்டேன்."

"எவ்வளவு காட்டுச்சுங்க அத்தை?"

"இருநூறுங்க."

ஒரு மாசமாக நூறைச் சுற்றியே இருந்தது.

"எதாச்சும் திருடித் தின்னுச்சுங்களா?"

"தெரியலீங்க. நாங் குடுக்கலீங்க, சத்தியமா. பக்கத்து ஊட்டுல கேட்டுட்டேன், அவங்களும் குடுக்கலியாம். நாளைக்குக் காத்தால மறுபடி பாக்கறேன். அப்பவும் எறங்கலீன்னா நானே கூடையில வெச்சுத் தூக்கிட்டு மொத பஸ்ஸுக்கு வாரேன். டாக்டர்கிட்டச் சொல்லி வெச்சிருங்க."

சரி என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்தேன். வாடிக்கையாளரிடம் இன்னும் பத்து நிமிஷம் என்றேன். திருகாணியை எடுத்தேன், கீழே வைத்தேன். மறுபடி எழுந்து போய் மருத்துவருக்குப் போன் போட்டேன்.